வேலைக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப்: வாட் கணக்கிலிருந்து தொடங்குவோம்

இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கேமின் படங்களை வரையும் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் அது, தயாரிப்பது என்விடியா நிறுவனம். ரேம் ஒரே அளவு, பிராசஸரும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று ஒல்லியாக, பையில் வைத்தால் தெரியாத அளவுக்கு இருக்கிறது. மற்றது தடிமன், எடையும் அதிகம். ஒரே கேமை ஒரே செட்டிங்ஸில் இரண்டிலும் ஓட்டினால் தடித்தது சரளமாக ஓடுகிறது, ஒல்லியானது திணறுகிறது. ஒல்லியானதை வாங்கியவர் "என்னோடதும் 4060 தானே?" என்று குழம்புகிறார். அவர் கேட்பது நியாயம்தான். யாரும் அவருக்கு வாட் கணக்கைச் சொல்லவில்லை.

புதிதாக லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன். உள்ளே இருக்கும் சிப்பின் பெயரை வைத்து மட்டும் லேப்டாப்பின் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறது, அதனால் உண்டாகும் சூட்டை லேப்டாப் எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் எடை, பேட்டரி, சத்தம் எல்லாம் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதும் விளங்கிவிடும். வேலைக்கும் கேமுக்கும் ஒரே மெஷின் தேடுபவருக்கு இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்பதுதான் பிரச்சினையே.

மின்சாரமும் சூடும்

சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. கிராபிக்ஸ் சிப் 100 வாட் எடுத்தால் 100 வாட் சூடு வெளியேறியாக வேண்டும். டெஸ்க்டாப்பில் பெரிய ஃபேன்களும் சூட்டை உறிஞ்சும் கனமான உலோகத் துண்டுகளான ஹீட்சிங்க்குகளும் வைக்க இடம் இருக்கிறது. லேப்டாப்பில் மொத்த உயரமே இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்குள் கீபோர்டு, பேட்டரி, மதர்போர்டு எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் செப்புக் குழாய்களும் ஃபேன்களும். அதனால் லேப்டாப் தயாரிப்பவர் தன் மாடலின் உடல்வாகைப் பார்த்து, "இந்த கிராபிக்ஸ் சிப் இத்தனை வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது" என்று ஒரு வரம்பு வைத்துவிடுகிறார். இதற்கு டிஜிபி என்று பெயர். சிப்போடு அதன் மெமரியும் சேர்ந்து எடுக்கக்கூடிய மொத்த மின்திறன் அது.

லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060க்கு என்விடியா அனுமதித்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம், பெயர் மட்டும் ஒன்றே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 4070க்கும் இதே 35 முதல் 115 வாட் வரம்புதான். ஆகவே குறைந்த வாட் கொடுக்கப்பட்ட 4070, நிறைய வாட் கிடைக்கும் 4060யிடம் தோற்றுப்போவதும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்து மெதுவான மெஷினோடு வீட்டுக்குப் போகக்கூடும்.

ஒருகாலத்தில் இதை ஓரளவு வெளியிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. 2017ல் வந்த மேக்ஸ்-கியூ என்ற அடையாளம், மெல்லிய உடலுக்காகக் குறைந்த வாட்டில் ஓடும் சிப் இது என்று பெயரிலேயே சொல்லிவிடும். 2021ல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்களுக்கு வந்தபோது சிப்பின் பெயரிலிருந்து அந்த ஒட்டு போய்விட்டது. இப்போது நாம்தான் விவரப் பட்டியலில் தேட வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' அல்லது 'டிஜிபி' என்று ஒரு எண் இருக்கும். சில இடங்களில் '100 கூட்டல் 15' போலவும் இருக்கும். பிராசஸருக்கு அதிக வேலை இல்லாத நேரத்தில் அதன் பங்கிலிருந்து கொஞ்சம் கிராபிக்ஸ் சிப்புக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் என்ற ஏற்பாடு அது. இந்த எண்ணை எங்குமே போடாத மாடலை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அப்படியானால் அதிகபட்ச வாட் உள்ளதையே வாங்கிவிடலாமா? இங்கேதான் நல்ல செய்தி. வாட்டை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காவதில்லை. சிப்பை வேகமாக ஓட்ட வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் கீழ் முனையில் கூட்டும் ஒவ்வொரு வாட்டுக்கும் வேகம் நன்றாக ஏறும். மேல் முனைக்குப் போகப் போக வாட் கரையும், வேகம் கொஞ்சம்தான் கூடும். சூடும் சத்தமும் மட்டும் முழுசாக ஏறும். எனவே தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு நடு வரம்பில் இருக்கும் மாடல் மோசமான தேர்வு இல்லை. பல நேரம் அதுதான் சரியான தேர்வு. தவிர்க்க வேண்டியது அடிமட்ட வாட்டில் இருப்பதைத்தான். விலை 4060யின் விலையாக இருக்கும், கிடைப்பது அதன் பாதி.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், டெஸ்க்டாப் கார்டும் லேப்டாப் சிப்பும் ஒரே பெயரில் விற்கப்படுவது. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090ல் 16,384 கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப்பில் வரும் 4090ல் 9,728 கோர்கள், 16 ஜிபி மெமரி, அடிப்படை வரம்பு 150 வாட் வரை. பெயர் ஒன்றாக இருந்தாலும் சிப்பே வேறு. ஆகவே யூடியூபில் ஒரு கார்டின் ஃபிரேம் எண்ணிக்கையை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைப் பார்த்து முடிவு எடுக்கும் முன், அது லேப்டாப்பில் அளந்ததா, எத்தனை வாட்டில் அளந்தது என்று பாருங்கள். அது இல்லாத எண்ணை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிராசஸருக்கும் இதே கணக்குதான். இன்டெல் சிப் பெயரின் கடைசியில் யு என்று முடிந்தால் பொதுவாக 15 வாட் அடிப்படை, எச் என்றால் 45 (புதிய கோர் அல்ட்ரா வரிசையின் எச் சிப்புகள் பலவற்றில் 28), எச்எக்ஸ் என்றால் 55. பல லேப்டாப்களில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் சூட்டை ஒரே செப்புக் குழாய்களின் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. ஒன்று அதிகமாகச் சூடானால் மற்றதற்கு இடம் குறையும். பெரிய கேம்களில் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்தான் முதலில் மூச்சு வாங்கும். அதனால் கையில் இருக்கும் பணத்தில் உச்ச வரிசைப் பிராசஸரை எடுத்துவிட்டு கிராபிக்ஸில் இறங்கிவருவது கேம் ஆடுபவருக்கு லாபம் இல்லை. நடுத்தர எச் வரிசையோ, அதற்கு இணையான ஏஎம்டியின் எச்எஸ் வரிசையோ போதும். பெரிய புராஜெக்ட்டை நாள் முழுக்க கம்பைல் செய்கிறவர், வீடியோ ரெண்டர் செய்கிறவர் மட்டும் இதில் விதிவிலக்கு.

உங்கள் வேலை எது, உங்கள் கேம் எது

"வேலைக்கும் கேமுக்கும்" என்று சொல்வது எளிது. அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் எவ்வளவோ வகை இருக்கிறது. விவரப் பட்டியல்களைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, தினமும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள் எவை, அடுத்த ஒரு வருடத்தில் ஆட நினைக்கும் கேம்கள் எவை என்று எழுதிவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

உங்கள் வேலை டாக்குமென்ட், மெயில், பிரவுசர், வீடியோ மீட்டிங் என்றால் இன்று வரும் எந்த நடுத்தரப் பிராசஸரும் அதைச் சிரமம் இல்லாமல் செய்யும். உங்களுக்குத் திரையும் கீபோர்டும் பேட்டரியும் மைக்கும்தான் முக்கியம். நிரல் எழுதுகிறவருக்கு ரேம் முக்கியம். வீடியோ எடிட்டிங், 3டி வேலை என்றால் கேமுக்காக வாங்கும் அதே கிராபிக்ஸ் சிப் பகலிலும் உழைக்கும், அந்தப் பணம் இரண்டு பக்கமும் பயன்படும். சொந்த மெஷினிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு கிராபிக்ஸ் சிப்பின் மெமரிதான் உச்சவரம்பு. மாடல் அதற்குள் அடங்காவிட்டால் வேகம் சட்டென்று படுத்துவிடும்.

கேம் பக்கமும் அப்படித்தான். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களுக்கு மிகப் பெரிய கிராபிக்ஸ் சிப் வேண்டாம். பிராசஸரின் வேகமும் வேகமாகப் புதுப்பிக்கும் திரையும் இருந்தால் போதும். பெரிய திறந்த உலகக் கதை கேம்கள் நேர் எதிர், கிராபிக்ஸ் சிப்பைப் பிழிந்து எடுப்பவை அவை. நீங்கள் ஆடுவதெல்லாம் சிறு குழுக்கள் உருவாக்கும் சின்னச் சின்ன இண்டி கேம்களும் பழைய கேம்களும் என்றால், தனி கிராபிக்ஸ் சிப்பே வேண்டியதில்லை. ரேடியான் 780எம், இன்டெல் ஆர்க் 140வி மாதிரி பிராசஸருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸ் அவற்றுக்குத் தாராளமாகப் போதும். எடையும் குறையும், பேட்டரியும் நிற்கும். இந்த வழியைப் பலர் யோசித்தே பார்ப்பதில்லை. யோசிக்க வேண்டிய வழி என்று அழுத்தியே சொல்வேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். ஆப்பிளின் மேக்புக்குகள் வேலைக்கு அருமையானவை, பேட்டரியில் அவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் 2020லிருந்து வரும் ஆப்பிள் சிப் மேக்குகளில் பூட்கேம்ப் என்ற பழைய வசதி மூலம் விண்டோஸ் போட முடியாது, மேக்குக்கென்று வெளியாகும் பெரிய கேம்களும் குறைவு. 2024லிருந்து வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் விண்டோஸ் லேப்டாப்களும் பேட்டரியில் நல்லவைதான். வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதிய கேம்களை அவை மொழிமாற்றித்தான் ஓட்டுகின்றன, அதில் ஓடாமல் போகும் கேம்கள் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் உள்ள கேம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்காமல் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில போட்டி கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் ஆழமான அடுக்கான கெர்னலில் உட்கார்ந்துகொள்கிறது. வாலரன்ட்டின் வான்கார்டு அப்படிப்பட்டது, லேப்டாப் ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்துவிடும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பிலோ, வாடிக்கையாளரின் ரகசியத் தரவு இருக்கும் மெஷினிலோ இதைப் போடுவதற்கு முன் நிறுவனத்தின் விதிகளைப் படியுங்கள். தனி யூசர் அக்கவுண்ட் திறந்து அதில் கேம் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கெர்னலில் இருக்கும் மென்பொருளுக்கு அந்தச் சுவர் கிடையாது.

கிராபிக்ஸ் மெமரி

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கிராபிக்ஸ் சிப்பின் மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது. லேப்டாப் 4050க்கு 6 ஜிபி, 4060க்கும் 4070க்கும் 8 ஜிபி. 2025ல் வந்த 50 வரிசையிலும் 5060, 5070 இரண்டும் 8 ஜிபியோடு வந்தவைதான். 5070 டிஐக்குப் போனால் 12 ஜிபி. புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும், ஒரு படி இறக்கினால் ஓடும். 6 ஜிபியை இன்று வாங்குகிறவர் முதல் நாளிலிருந்தே செட்டிங்ஸை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

நாள் முழுக்கப் பார்க்கப்போவது திரையைத்தான்

லேப்டாப் வாங்கும்போது மக்கள் குறைவாக யோசிப்பது திரையைப் பற்றித்தான். ஆனால் கேம் ஆடுவது இரவில் இரண்டு மணி நேரம் என்றால் வேலை பகலில் எட்டு மணி நேரம். பத்து மணி நேரமும் கண் அதன் மேல்தான்.

முதலில் ரெசல்யூஷன். 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560 × 1600 என்றால் சுமார் 41 லட்சம். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கிராபிக்ஸ் சிப் இத்தனை புள்ளிக்கும் நிறம் கணக்கிட வேண்டும். அதனால் 4கே திரையோடு நடுத்தர கிராபிக்ஸ் சிப்பை ஜோடி சேர்ப்பது பொருந்தாத சம்பந்தம். எழுத்துகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கேமும் ஓட வேண்டும் என்றால் 2560 × 1600 நல்ல இடம். அதன் 16:10 விகிதம் வேலைக்கும் வசதி, அதே அகலத்தில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும். பாரம் அதிகமானால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்றவை கைகொடுக்கும். கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் நுட்பங்கள் இவை. நல்ல தரத்தில் வைத்தால் ஆட்டத்தின் நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்தது புதுப்பிப்பு வேகம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதிய படம் காட்டும். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லி விநாடி. கேமில் மட்டுமல்ல, சாதாரணமாகப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போதே இது கண்ணுக்குத் தெரியும். 144 அல்லது 165 இருந்தால் போதும். 240க்கு மேல் போவது போட்டி கேம் தீவிரமாக ஆடுபவருக்கு மட்டும்.

மூன்றாவது, நிறமும் வெளிச்சமும். மலிவான கேமிங் லேப்டாப்களில் செலவைக் குறைக்க முதலில் கத்தி விழும் இடம் இதுதான். திரையால் எத்தனை நிறங்களைக் காட்ட முடியும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகோல்களில் சொல்வார்கள். விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் வெளிறிய நிறங்கள் என்று அர்த்தம். எத்தனை ஹெர்ட்ஸ் ஓடினாலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' அல்லது '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்பதைத் தேடுங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், அறைக்குள் 300 நிட்ஸ் சமாளிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர் 400க்கு மேல் பார்க்கலாம்.

ஓஎல்இடி திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை, எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும், கேமும் படமும் அதில் பிரமாதம். ஆனால் டாஸ்க்பார் போல அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் உருவங்கள் வருடக்கணக்கில் நின்றால் திரையில் தடம் பதிய வாய்ப்பு இருக்கிறது. அப்புறம், பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. சிலருக்கு இதனால் கண்வலி, தலைவலி வரும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க டாக்குமென்ட்டும் நிரலும் பார்க்கிறவர் என்றால் பளபளப்பு இல்லாத நல்ல ஐபிஎஸ் திரையைத்தான் (பின்னாலிருந்து விளக்கொளி வரும் வழக்கமான எல்சிடி வகை) நான் சொல்வேன். படமும் கேமும்தான் அதிகம் என்றால் ஓஎல்இடி.

பேட்டரியில் ஒரு வாழ்க்கை, பிளக்கில் ஒரு வாழ்க்கை

பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி கணக்கில் சொல்வார்கள். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகக்கூடிய பேட்டரிக்கு 100 வாட்-மணிதான் எல்லை என்பதால், பெரிய லேப்டாப்களும் 99 அல்லது 99.9 வாட்-மணியோடு நின்றுவிடுகின்றன. எந்தத் தயாரிப்பாளராலும் இதைத் தாண்டிப் பெரிய பேட்டரி போட்டு ஜெயிக்க முடியாது. செலவைக் குறைத்துத்தான் ஜெயிக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 80 வாட்-மணி பேட்டரி இருக்கிறது. எழுத்து வேலை செய்யும்போது மொத்த லேப்டாப்பும் 10 வாட் எடுத்தால் 8 மணி நேரம் வரும். யாருக்கும் தேவைப்படாமல் பெரிய கிராபிக்ஸ் சிப் பின்னால் விழித்துக்கொண்டு இன்னும் 10 வாட் எடுத்தால் 4 மணி நேரம்தான். கேம் ஆடி 100 வாட் எடுத்தால் 48 நிமிடம். ஒரே பேட்டரி, மூன்று விதமான வாழ்நாள்.

நடுவில் சொன்ன அந்த நிலைமைதான் வேலைக்கும் சேர்த்து லேப்டாப் வாங்குகிறவரை அதிகம் படுத்துவது. இதைத் தவிர்க்கத்தான் 2010லேயே என்விடியா ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சாதாரண வேலையைப் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும், பெரிய சிப் தூங்கும், கேம் திறந்தால் மட்டும் எழும். இதில் ஒரு குறை உண்டு. பெரிய சிப் வரைந்த படம் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும், அதில் கொஞ்சம் ஃபிரேம்கள் விரயம். மக்ஸ் சுவிட்ச் இருக்கும் லேப்டாப்பில் அந்தச் சுற்றுப்பாதையை வெட்டிவிட்டுப் பெரிய சிப்பைத் திரையோடு நேரடியாக இணைக்கலாம். வேலைக்கும் கேமுக்கும் என்று வாங்கும் லேப்டாப்பில் மக்ஸ் சுவிட்ச் இருப்பது எனக்கு முக்கியமான நிபந்தனை. பகலில் ஹைப்ரிட் முறை, இரவில் நேரடி முறை. சில மாடல்களில் மாற்றும்போது ரீஸ்டார்ட் கேட்கும். அட்வான்ஸ்டு ஆப்டிமஸ் உள்ளவற்றில் அதுவும் வேண்டாம்.

வெளி மானிட்டர் மாட்டும் பழக்கம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் பெரிய கிராபிக்ஸ் சிப்போடுதான் இணைக்கப்பட்டிருக்கும். மானிட்டரைச் செருகிய நொடியிலிருந்து அந்தச் சிப் தூங்காது. பிளக்கில் இருந்தால் பெரிய விஷயம் இல்லை, ஃபேன் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

பேட்டரியில் கேம் ஆடுவதை மறந்துவிடுங்கள். நேரம் குறைவு என்பது ஒரு காரணம். பேட்டரியால் பிளக் அளவுக்கு மின்சாரத்தை வேகமாகத் தர முடியாது என்பது பெரிய காரணம். பிளக்கைப் பிடுங்கியதுமே லேப்டாப் வாட் வரம்பைத் தானாக இறக்கிவிடும், ஃபிரேம்களும் சரியும். அது பழுது இல்லை, எல்லாக் கேமிங் லேப்டாப்பும் அப்படித்தான்.

சார்ஜரையும் எடையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். 230 வாட் சார்ஜர் ஒரு செங்கல்லைத் தூக்குகிற மாதிரி. யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலை எடுத்தால் பெரிய சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேலைக்கு 65 அல்லது 100 வாட் சின்ன சார்ஜரை மட்டும் எடுத்துப் போகலாம். அலுவலக வேலைக்கு அது போதும், கேமுக்குப் போதாது. யுஎஸ்பி-சியின் வரம்பு 2021ல் 240 வாட் வரை உயர்த்தப்பட்டிருந்தாலும், உங்கள் மாடலில் அந்தப் போர்ட் எத்தனை வாட் வாங்கும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பிளக்கிலேயே இருக்கப்போகிற லேப்டாப் என்றால், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். லித்தியம் பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பிச் சூட்டிலும் வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும்.

சத்தம்

கேம் ஆடும்போது ஃபேன் இரைவது இயல்பு, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் தெரியாது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது இரைவதுதான் எரிச்சல். அதனால் ரிவியூ படிக்கும்போது உச்சச் சத்தத்தைவிட, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் ஃபேன் நிற்கிறதா என்று பாருங்கள். நோட்புக்செக் தளம் ஒவ்வொரு மாடலுக்கும் சத்தம், சூடு, திரையின் துடிப்பு, வாட் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து எழுதுகிறது. வாங்க நினைக்கும் மாடலின் முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, அங்கே போட்டுத் தேடுவதற்குச் செலவாகும் அரை மணி நேரம் வீணாகாது. ஒரே வரிசையில் ஒரே பெயரோடு வேறு வேறு திரையும் வேறு வேறு வாட்டும் வருவதால் அந்தக் கடைசி எழுத்து முக்கியம்.

ரேமும் எஸ்எஸ்டியும்

ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம். பிரவுசரில் நிறைய டேப், கூடவே வேலை மென்பொருள், அதை மூடாமலேயே கேம் என்று ஆடுபவருக்கு 32 ஜிபி நிம்மதி தரும். அளவைவிட முக்கியமான கேள்வி, ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, ஸ்லாட்டில் செருகியதா என்பது. ஸ்லாட்டாக இருந்தால் இன்று 16 வாங்கி இரண்டு வருடம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம். பற்றவைத்ததாக இருந்தால் வாங்கும் நாளிலேயே வேண்டியதை வாங்கிவிட வேண்டும். ஸ்லாட் உள்ளவற்றில் ஒரே ஒரு 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் வேகம் தரும், ஏனென்றால் பிராசஸர் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கிறது. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தியாசம் மிக அதிகம்.

ஃபைல்களும் கேம்களும் சேமிக்கப்படும் எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது. எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும் மாடல் என்றால் 512 ஜிபியோடு தொடங்கினாலும் பரவாயில்லை. ஜென் 4, ஜென் 5 என்று எஸ்எஸ்டியின் தலைமுறைகளுக்கு இடையிலான வேகப் போட்டிக்குள் போக வேண்டாம், கேமில் அந்த வித்தியாசம் கைக்கு எட்டாது.

கீபோர்டைக் கடையில் ஒருமுறையாவது தட்டிப் பாருங்கள். இதை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

ஒரே லேப்டாப் வேண்டாம் என்றும் ஆகலாம்

கேமை எப்போதும் ஒரே மேசையில்தான் ஆடுவேன் என்பவருக்கு வேறு வழியும் உண்டு. அதே பணத்தில் ஒரு நடுத்தர டெஸ்க்டாப்பும், வேலைக்கு ஒரு எளிய மெல்லிய லேப்டாப்பும் என்று பிரித்தால், கேமும் நன்றாக ஓடும், பையும் கனக்காது. டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும். நல்ல நிலையான இணையம் இருந்தால் ஜிஃபோர்ஸ் நவ் போன்ற கிளவுட் சேவைகளையும் சோதித்துப் பார்க்கலாம், கேம் அவர்களுடைய சர்வரில் ஓடும், உங்கள் லேப்டாப் படத்தைக் காட்டினால் போதும். விடுதியில் இருக்கிறவர், அடிக்கடி ஊர் மாறுகிறவர், ஒரே மேசை மட்டும் உள்ளவர் என்றால் ஒரே லேப்டாப்தான் சரி.

வாங்கிய முதல் வாரம்

சரி, வாங்கியாயிற்று. திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தைத் திறந்தால் 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' எத்தனை வாட் என்று இருக்கும். விவரப் பட்டியலில் பார்த்த எண்ணோடு அது பொருந்த வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு, லேப்டாப்பை பர்ஃபாமன்ஸ் முறையில் வைத்து, கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தை நம்ப வேண்டாம், அப்போது எல்லாமே குளிர்ந்திருக்கும். அரை மணி நேரத்தின் முடிவிலும் வாட் எண் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றால் குளிரூட்டும் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. ஆட்டத்தின்போது பிராசஸர் 85, 90 டிகிரியைத் தொடுவது கேமிங் லேப்டாப்களில் வழக்கம்தான், பயப்பட வேண்டாம். 95, 100 டிகிரியிலேயே ஒட்டிக்கொண்டு, கூடவே வாட்டும் ஃபிரேம்களும் படிப்படியாக இறங்கினால், முதலில் லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி, அடியில் காற்று போகும்படி வைத்து மறுபடி பாருங்கள். மெத்தையின் மேல் வைத்து ஆடினால் எந்த லேப்டாப்பும் மூச்சு முட்டும்.

பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஹைப்ரிட் முறைக்கு மாற்றி, வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்யுங்கள். அப்போது பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்பதை அதே மென்பொருள் காட்டும். 10 வாட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 20 வாட்டுக்கு மேலேயே நின்றால் பெரிய சிப் தூங்கவில்லை என்று அர்த்தம், அதை எழுப்பி வைத்திருப்பது எந்த மென்பொருள் என்று டாஸ்க் மேனேஜரில் தேடிப்பிடித்து மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முழுத் திரையையும் ஒரே நிறமாக்கி, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் அமைதியான அறையில் காதை அருகே வைத்து, உள்ளே கீச்சென்ற சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். அதுவும் அளந்த எண்களும் சரியாக இல்லை என்றால், அட்டைப்பெட்டியைக் கிழித்துப்போடாமல் வைத்திருந்து, காலம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.